டீச்சர் சொல்லாத 'போதும்'

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க அத்தை. எனக்கு வாந்தியெல்லாம் வராது. எனக்கு வருவது பேச்சு ஒன்றுதான்.

"மதுர மதுர மதுரேய்! எடையில எறங்குற ஆளு ஏறாத, ஏறாதம்மா, சொன்னா கேளு!"

கேட்டீங்களா? அது கண்டக்டர் இல்லை, நான். அந்த அண்ணன் முன் சீட்டில் டிக்கெட் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். தன் குரல் தனக்கே பின்னாலிருந்து வந்ததும் திரும்பி முழிக்கிறார் பாருங்க. உங்கள் குரலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். நீங்கள் 'ஆமா'வை இழுத்து 'ஆமாஅங்' என்று முடிக்கிறீர்கள், அதைப் பிடித்துவிட்டேன்.

சிரிக்காதீங்க அத்தை. எல்லாரும் இப்படித்தான் சிரித்துச் சிரித்து என்னைக் கெடுத்துவிட்டார்கள். இந்த வாயால் ஒரு அக்காவிடமிருந்து அவள் அம்மாவின் முகத்தைப் பறித்துவிட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். அது திரும்பக் கிடைக்குமா என்று பார்க்கத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே போனதும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் எனக்கு வாய். அதுவரை பேசிக்கொள்கிறேனே. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

என் பெயர் இசக்கி. பன்னிரண்டாவது முடித்துவிட்டேன். பாளையங்கோட்டை. அங்கே கிருபாவதி டீச்சர் வீடு என்று எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் கொண்டுபோய் விடுவார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் டிராயிங் டீச்சர். வாட்டர்கலரில் வரைவார்கள். ரிட்டயர் ஆனபிறகு சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டு ஹாலிலேயே வகுப்பு. அவர்களிடம் படித்தவர்கள் இன்று சென்னையில், பெங்களூரில், மதுரையில் எல்லாம் பெரிய ஓவியர்கள். பேப்பரில் பெயர் வருகிறவர்கள்.

நான் ஓவியத்துக்காகப் போனவள் இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வார்டு கவுன்சிலர் குரலில் தண்ணீர்த் தொட்டி அண்ணனுக்கு போன் போட்டு, "எப்பா, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு மணி நேரம் தொறந்து விடு" என்றேன். அவரும் திறந்துவிட்டார். தெருவே குடத்தோடு ஓடியது. அன்றைக்கு எங்கள் அம்மா, "வாரத்துல ஒரு நாளாவது இந்தத் தெரு நிம்மதியா இருக்கட்டும்" என்று என்னை டீச்சர் வீட்டில் சேர்த்துவிட்டாள்.

டீச்சர் பெரிதாக ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள் அத்தை. இப்படிப் பிடி, அப்படித் தீட்டு, ஒன்றும் கிடையாது. நாம் வரைந்துகொண்டிருப்போம். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். ரொம்ப நேரம் நிற்பார்கள். பிறகு ஒரே ஒரு சொல்.

"போதும்."

அவ்வளவுதான். பிரஷ்ஷைத் தூக்கிவிட வேண்டும். அந்த நொடியே. பாதி இலை பாக்கி இருந்தாலும் சரி. தூக்கி, தாளைத் திருப்பி, பின்னால் தேதி எழுதிவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்தப் படத்தைத் தொடக் கூடாது, அதையே திரும்ப வரையக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. "தண்ணிக் கலர்ல தப்பு ஒண்ணே ஒண்ணுதான் உண்டு, நிறுத்தத் தெரியாதது" என்பார்கள்.

என்கூட ஒரு பையன் மாடு வரைந்துகொண்டிருந்தான். மூன்று கால்தான் போட்டிருந்தான். போதும் என்றுவிட்டார்கள். அவன் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். ஒரு வாரம் கழித்துச் சுவரில் மாட்டிய பிறகு பார்த்தால், அந்த மாடு நடக்கிறது அத்தை! நாலாவது காலையும் போட்டிருந்தால் கட்டிப்போட்ட மாதிரி நின்றிருக்கும். நான் அவனைக் கிண்டல் பண்ணவே மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து ஒவ்வொருவராக போன் போடுவார்கள். நாற்பது வயசு, ஐம்பது வயசு ஆட்கள். போட்டு, போனை மேஜையில் வைத்துவிட்டு வரைய ஆரம்பிப்பார்கள். இந்தப் பக்கம் டீச்சர் போனை டீப்பாயில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்கள். பேச்சே கிடையாது. வீடியோவும் கிடையாது. சத்தம் மட்டும்தான். பிரஷ் தண்ணீரில் முங்குகிற சத்தம், கண்ணாடி டம்ளரில் 'டிங்' என்று தட்டுகிற சத்தம், மூச்சு. "பயந்தவ அடிக்கடி தண்ணில முக்குவா. கை ஓடுதவ மூச்ச விடவே மறந்துருவா." அதைக் கேட்டே சொல்வார்கள், போதும் என்று. அங்கே பெங்களூரில் ஒரு கை நின்றுவிடும்.

முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னேன். அப்புறம் எனக்கே பிடித்துப்போயிற்று. படம் இல்லை, குரல். அந்தப் 'போதும்'. மூக்கில் தொடங்கும், தொண்டையில் ஒரு சின்னக் கமறல், பிறகு உலக்கை மாதிரி விழும். மூன்று மாதம் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை டீச்சர் அடுப்படியில் இருந்தபோது, கடைசி வரிசையில் இருந்துகொண்டு சொன்னேன்.

எட்டுப் பிரஷ்ஷும் ஒரே நேரத்தில் மேலே!

அந்தச் சந்தோஷம் இருக்கிறதே அத்தை, அதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. ஒரு சொல்லுக்கு எட்டுக் கை. தெரிந்தபிறகு அந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். முதுகில் நாலு அடி வைத்துவிட்டுத்தான் சிரித்தார்கள்.

அதோடு நின்றிருக்கலாம்.

சங்கரவடிவு அக்கா என்று ஒருவர். முக்கூடல்காரர், இப்போது மதுரையில் இருக்கிறார். அவருடைய அம்மா பீடி சுற்றி அவரைப் படிக்க வைத்தவர். டீச்சரிடம் விட்டதும் அந்த அம்மாதான். அந்த அம்மா தை மாதம் இறந்துபோனார். ஆடியில் வடிவக்கா ஒரு முழுத்தாளில் அம்மாவை வரைய ஆரம்பித்தார். நான் அப்போது பதினொன்றாவது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போனில் முதலில் ஒரு வரி சொல்வார், பிறகு வரைவார். "இன்னைக்குச் சுளவு டீச்சர்." மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற முறம். அடுத்த வாரம், "இன்னைக்குப் பீடி இலையும் கத்திரிக்கோலும்." அடுத்த வாரம், "இன்னைக்குக் கை." ஆறு வாரம் போயிற்று. டீச்சர் ஒரு நாளும் போதும் என்று சொல்லவில்லை. அக்காவாகவே நிறுத்திவிட்டு, "மிச்சம் அடுத்த வாரம்" என்பார்.

ஏழாவது சனிக்கிழமை. அவர் வரைந்துகொண்டிருந்தார். வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. டீச்சர் பூண்டைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்து போனார்கள். டீப்பாயில் போன். 'டிங்... டிங்...' சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஊறியது அத்தை. அன்றைக்கு அந்த அக்கா என்ன வரைகிறார் என்று எனக்குத் தெரியாது.

தெரியும்.

தெரியும் அத்தை. அவர் அன்றைக்குப் போன் போட்டதும் சொன்னதே அதுதான். "இன்னைக்கு முகம், டீச்சர்." நான் முன் வரிசையில்தான் இருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாய்க்குள்ளேயே தாளிடம், "இங்க பாரும்மா" என்று அவர் சொன்னதுகூட எனக்குக் கேட்டது. பிறகு டிங் சத்தம் நின்றது. மூச்சுச் சத்தமும் இல்லை.

நான் போன் பக்கம் குனிந்து, "போதும் வடிவு" என்றேன்.

அந்தப் பக்கம் பிரஷ் கீழே வைக்கிற சத்தம். டக். எனக்குப் பின்னால் ஒருத்தி வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அப்புறம் அக்கா மெதுவாக, "டீச்சர்... இன்னும் முகம் ஆரம்பிக்கவேயில்ல டீச்சர். இப்பத்தான்..." என்றார்.

அப்போது நான் சிரித்திருக்கலாம். "அக்கா, நான் இசக்கி" என்றிருக்கலாம். அவரும் திட்டிவிட்டு வரைந்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"போதும்னேம்லா."

கமறலோடு. கொஞ்சம் கோபத்தையும் சேர்த்து. சொல்லிவிட்டுப் போனைக் கட் பண்ணினேன். முதல் போதும் விளையாட்டு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது அப்படி இல்லை. வாசலில் சிலிண்டர் உருளுகிற சத்தம் கேட்டது, டீச்சர் வந்துவிடுவார்கள் என்கிற பயம். அதுதான். வேறொன்றும் இல்லை. டீச்சர் வந்து, "வடிவு எங்கட்டி?" என்றார்கள். "அக்கா வச்சிட்டாங்க டீச்சர். இன்னைக்கு முடியலையாம்" என்றேன். டீச்சர், "பெத்தவ மொகம்லா. கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டார்கள்.

இது சாத்தூர்தானே? ஆமாம், சேவு வாசனை வருகிறது. வாங்கித் தரட்டுமா அத்தை? எனக்கு வேண்டாம். இறங்காது.

ஐந்தாறு மாதம் கழித்து பேப்பரில் அந்தப் படம் வந்தது. ஏதோ பெரிய கண்காட்சியில் முதல் பரிசு. புடவை மடிப்பு, இலை, நூல், விரல் நுனியில் கறுப்பு, எல்லாம் அப்படியே தொட்டால் ஒட்டுகிற மாதிரி. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைத் தாள். முகமே இல்லை. பரிசு கொடுத்தவர்கள் அந்த வெள்ளையைப் பற்றித்தான் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். உழைக்கிறவளின் முகத்தை உலகம் பார்ப்பதில்லையாம். அதைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறாராம்.

நான் அதை வெட்டி பிசிக்ஸ் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேனே, எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வெள்ளை யார் போட்டது? நான்! பேப்பர்காரனுக்குத் தெரியுமா? டீச்சர் அந்தப் பேப்பரைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். "துணிச்சல்" என்றார்கள். முகம் வரையாமல் விட்டது வடிவக்காவின் முடிவு என்று நினைத்துக்கொண்டார்கள். முடிந்த படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அதனால் டீச்சரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. கூட இருந்த பிள்ளைகளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் தப்பித்தேன்.

போன மாதம் டீச்சருக்கு எழுபத்தைந்து. பழைய பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபம் பிடித்து விழா எடுத்தார்கள். பத்தொன்பது பேர், ஆளுக்கு ஒரு படம் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, டீச்சரிடம் என்ன கற்றேன் என்று இரண்டு நிமிஷம் பேச வேண்டும். நான் சுற்றிப் பார்த்தேன். பத்தொன்பதில் பதினோரு படத்தில் முகம் இல்லை அத்தை! மீன் விற்கிற அம்மாவுக்கு முகம் இல்லை. டீ ஆற்றுகிறவருக்கு முகம் இல்லை. ஒருவர் தன் பேத்தியை வரைந்திருந்தார், அந்தக் குழந்தைக்குக்கூட முகம் இல்லை. எல்லாம் வடிவக்கா படத்தைப் பார்த்துப் பார்த்து வந்தது. நான் ஒவ்வொரு படமாக நகர நகர, எல்லா வெள்ளையும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. மூஞ்சியே இல்லாமல் எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீங்க.

விழாவில் என் நிகழ்ச்சியும் உண்டு. பலகுரல். டீச்சர் குரலில் பேசப் போகிறேன் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள். வடிவக்கா பேச்சு முடிந்ததும் நான்.

சிறப்பு விருந்தினர் ஒருவர் பேசினார். "மொகமின்மை என்பதும் ஒரு மொகமே, அன்பர்களே!" அப்படித்தான் பேசினார், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து. அதையும் பிடித்துவைத்திருந்தேன். பிறகு வடிவக்கா மைக்கைப் பிடித்தார். மெலிந்த ஆள், காட்டன் சேலை, சத்தமே வராத குரல். சொன்னார்.

"எல்லாரும் அந்த வெள்ளையப் பத்திக் கேக்கீங்க. அது நான் விட்டது இல்ல. அன்னைக்கு மொகம் வரையத்தான் ஒக்காந்தேன். பிரஷ்ஷ எடுத்துத் தாள் பக்கத்துல கொண்டு போயிட்டேன். டீச்சர் போன்ல, 'போதும் வடிவு'ன்னாங்க. இன்னும் ஆரம்பிக்கவேயில்ல டீச்சர்னேன். 'போதும்னேம்லா'ன்னாங்க. அன்னைக்கு டீச்சர் மேல அவ்வளவு கோவம். மூணு வாரம் போனே பண்ணல. அப்புறந்தான் புரிஞ்சுது. நான் வரைஞ்சிருந்தா அது எங்கம்மா மட்டும். வரையாததால எல்லா அம்மாவும். அதுக்கப்புறம் எங்கம்மா மொகத்த நான் வரையவேயில்ல. டீச்சர் போதும்னா போதும்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் தட்டவில்லை. மேடையில் டீச்சரைப் பார்த்தேன். போர்த்திய பொன்னாடையின் ஓரத்தைக் கையில் வைத்துச் சுருட்டுகிறார்கள், விரிக்கிறார்கள், சுருட்டுகிறார்கள். கண் எங்கேயோ இருக்கிறது. எனக்குத் தெரியும், அவர்கள் அந்தச் சனிக்கிழமையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடினால் எப்படிக் கிடைக்கும்? அது அவர்களிடம் இல்லையே, என்னிடம்லா இருக்கிறது.

"அடுத்து, நம்ம இசக்கி!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். ஏறினேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "தொண்டை கட்டிட்டு" என்று கையால் காட்டிவிட்டு இறங்கி, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடிப்போய்த் தண்ணீர் ஜாடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்துதான் டீச்சரின் ஏற்புரையைக் கேட்டேன்.

"பிள்ளைகளா, இனிமே சனிக்கிழமை எனக்கு போன் பண்ணாதீங்க. எனக்கு ஞாபகம் பெசகுது. நான் என்ன சொன்னேன்னு எனக்கே நினைவில்ல. நினைவில்லாதவ சொல்லைக் கேட்டு ஒங்க கைய நிறுத்தக் கூடாது."

என்ன தன்னடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள் அத்தை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. இருந்தும் போனேன். டீச்சர் வீட்டுச் சுவரில், முன்பு படம் மாட்டியிருந்த இடத்திலெல்லாம் சீட்டு ஒட்டியிருந்தது. 'கேஸ் அணைச்சாச்சா.' 'மாத்திரை காலை 1.' 'சாவி ஆணியில்.' டீப்பாயில் ஒரு நோட்டு. தன்னிடம் படித்தவர்கள் பெயரையெல்லாம் வருஷவாரியாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில இடத்தில் கோடு மட்டும் போட்டு விட்டிருந்தது. அவர்களுடைய தங்கச்சி மகன் திங்கட்கிழமைக்கு மூளை டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருந்தாராம்.

"டீச்சர், நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன்."

"எத?"

"வடிவக்காட்ட போதும்னு. நீங்க சிலிண்டர் வாங்கப் போயிருந்தீங்க."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். "நீ நல்ல பிள்ளட்டி. எனக்காண்டி பழிய ஏத்துக்கிடுத."

"சத்தியமா டீச்சர்!"

"ஒன் சத்தியத்த நான் பாத்திருக்கேன். ஒங்க தாத்தா செத்துட்டாருன்னு போன வருசம் லீவு கேட்ட. அவரு மறுநா வந்து முருங்கக்காய் குடுத்துட்டுப் போனாரு."

இதுதான் என் நிலைமை. பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள், உண்மை சொல்கிறேன், யாரும் நம்பவில்லை.

"அப்பம் சொல்லிக் காட்டு" என்றார்கள். "என்ன மாதிரிச் சொல்லு பாப்போம்."

ஊரே கேட்டிருக்கிறது, டீச்சர் மட்டும் கேட்டதில்லை. அவர்கள் முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்தேன். மண்டபத்தில் வந்த அதே காற்று. டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு, "போ, போய் ஒங்கம்மைக்கு ஒத்தாசை பண்ணு" என்று சொல்லிவிட்டுத் தாள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தட்டில் நாலு கத்தரிக்காய் வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து செருப்பை மாட்டினேன். வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் முகம் தெரியவில்லை, டம்ளர்ச் சத்தம் மட்டும் கேட்டது. டிங்.

"போதும்."

வந்துவிட்டது அத்தை. மூக்கு, கமறல், உலக்கை, எல்லாம்.

சத்தம் நின்றது. திரையை விலக்கிப் பார்த்தேன். டீச்சரின் கை அந்தரத்தில் நிற்கிறது. பிரஷ்ஷிலிருந்து ஊதாத் தண்ணீர் புடவையில் சொட்டுகிறது. நாலாவது கத்தரிக்காய்க்குக் காம்பு இல்லை. எழுபத்தைந்து வயசில், சொன்னது யார் என்று யோசிக்காமல் அந்தக் கை தானாகத் தூக்கிக்கொண்டது. அவர்கள் திரும்பவே இல்லை.

"இப்பிடியாட்டி இருக்கும்?"

"எது டீச்சர்?"

"என் குரல்."

"அச்சு அசல் டீச்சர்!" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"பிள்ளைங்க மரியாதைக்குக் கையத் தூக்குதாங்கன்னுல்லா நெனச்சேன் இவ்வளவு நாளும்."

"மரியாதைதான் டீச்சர்."

பிரஷ்ஷைக் கழுவினார்கள். ரொம்ப நேரம் கழுவினார்கள், சுத்தமான பிறகும். எதற்காக அதைக் கேட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை அத்தை. ஒருவேளை நான் கமறலைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ?

பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. "அப்பம் என் மண்ட சரியாத்தான் இருக்கு" என்றார்கள். டோக்கனை ரத்துப் பண்ணச் சொல்லிக் குதிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எழுந்துபோய் போனை எடுத்து, நம்பர் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, என் பக்கம் தள்ளினார்கள்.

"சொல்லு. ஒன் குரல்ல சொல்லு."

என் குரல் எது என்று தேட வேண்டியிருந்தது. சொன்னேன். சிலிண்டர் வந்ததிலிருந்து சொன்னேன். முடித்தபிறகு வடிவக்கா கேட்டார்:

"ரெண்டாவது தடவையும் நீதானா?"

"ஆமாக்கா."

"ம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "ஆனா அந்தப் படத்துக்குப் பரிசு கெடச்சுதேக்கா" என்றேன். அதை ஏன் சொன்னேன் அத்தை? இப்போது நினைத்தாலும் காதெல்லாம் சுடுகிறது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"கெடச்சுது" என்றார் அக்கா. பிறகு சாதாரணமாக, மளிகைக்கடையில் என்ன வாங்கினேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார். "அன்னைக்கு எங்கம்மா மொகம் என் பிரஷ் நுனியில இருந்துச்சு. நான் யோசிக்கவே வேண்டாம், கைய வச்சா வந்துரும். ரெண்டு வருசம் ஆயிட்டு. இப்பம் கண்ண மூடுனா சுளவுதான் வருது, கை வருது. மொகத்துக்கு போட்டோவப் பாக்க வேண்டியிருக்கு. எங்கம்மாவுக்கு இருக்கது ஒரே ஒரு போட்டோ, ரேஷன் கார்டு போட்டோ. அது யாரு மாதிரியோ இருக்கு."

டீச்சர் போனைத் தன் பக்கம் இழுத்தார்கள். "வடிவு, வார சனிக்கிழம தாள எடு. நான் போன்ல இருப்பேன். வாயத் தொறக்க மாட்டேன். நிறுத்துறது ஒன் பாடு."

"நீங்க சொல்லாம எப்பிடி டீச்சர் நிறுத்துவேன்?"

"எனக்குத் தெரியல. நீதான் சொல்லணும்."

இந்த மாதிரி ஒரு வார்த்தை, எனக்குத் தெரியல என்று, டீச்சர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதைப் பிடித்துவைக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அக்கா, "அந்தப் பிள்ளைய இங்க அனுப்புங்க. பக்கத்துல ஒக்காரட்டும். பேசக் கூடாது" என்றார்.

இதுதான் அத்தை கதை. இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. எங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் பஸ் ஏறினேன். அவள் அடிக்கவில்லை, பையில் இட்லி கட்டிக் கொடுத்தாள். இந்த வாரம் எனக்கு யாருமே ஒரு அடி கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

என்ன அத்தை? அந்தக் குரலையா? உங்களுக்காக ஒரே ஒரு தடவையா? கண்டக்டர் குரல் கேளுங்க, கவுன்சிலர் குரல் கேளுங்க, உங்கள் 'ஆமாஅங்' வேண்டுமானாலும் செய்து காட்டுகிறேன். அது வேண்டாம்.

நேற்றுச் சாயங்காலம் டீச்சரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். சுவரில் சீட்டெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரு வாரமாக எனக்குள் கிடந்தது அதுதான்.

"டீச்சர், மொகம் வரலைன்னா?"

டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்கள். "வரலைன்னா வரல. அதையும் கூட இருந்து பாரு."

மாட்டுத்தாவணி வந்துவிட்டது போலிருக்கிறதே. அவ்வளவு சீக்கிரமா? எல்லாரும் பையை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இல்லை அத்தை, நீங்க முதலில் இறங்குங்க. இந்தப் பாட்டையா இறங்கட்டும், பிள்ளைக்காரி இறங்கட்டும். எல்லாரும் இறங்கட்டும். நான் கடைசியாக வருகிறேன்.